கைவிடப்பட்ட கணினியும் கட்டற்ற மென்பொருளும்

மத்திய மலைநாட்டிலே பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றினுள் நுழைந்து பார்ப்போர், கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் வார்ப்பிரும்பு உடலிலே ஜக்சன், மார்ஷல் முதலாய பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதையும், உலர்த்தும் அடுப்பின் முகப்பிலே சிறொக்கோ என்னும் பெயர் விளங்குவதையும் காணலாம். மார்ஷல் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து நிறுவனம். சிறொக்கோ பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் ஆக்கியது. 1884ஆம் ஆண்டில் ஹட்டனுக்கும், அதற்கடுத்த ஆண்டில் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்து சேர்ந்த பின்னர் இத்தகைய பாரமான இயந்திரங்கள் மலையேறுவது எளிதாயிற்று. அவற்றைச் செய்தோர் மறைந்தனர். இறக்குமதி செய்தோர் மறைந்தனர். வாங்கிய துரைமாரும் மறைந்தனர். இயந்திரமோ பல தலைமுறை ஓடிற்று. பற்சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்தால் தோட்டத்துப் பட்டறைக்காரர் அதனைக் கழற்றி, அளந்து, அதே அளவில் வேறொன்று கடைந்து பூட்டிவிடுவார். கெயின்ஸ்பரோவுக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டவர் எவருமில்லை.

அதே தோட்டத்தின் பாடசாலையிலே, பத்தே ஆண்டு பழமையான கணினி ஒன்று மேசைத்துணியால் மூடப்பட்டுக் கிடக்கும். அதிலே தேய்ந்த பல் எதுவுமில்லை; மின்சாரம் கொடுத்தால் விளக்கும் எரிகிறது. ஆயினும் அது பயன்படாப் பொருள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டனர். இரும்பு இயந்திரத்துக்கு இல்லாத இந்தக் கதி மின்னியந்திரத்துக்கு ஏன் நேர்ந்தது என்பதையும், அதனை ஓரளவேனும் மாற்ற முயல்வோர் எதிர்கொள்ளும் இடர்களையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

கணினியின் உறுப்புகளை ஒருங்கிணைத்து வேலை வாங்கும் மென்பொருளுக்குப் பணிசெயல் முறைமை என்று இலங்கைப் பாடநூல்கள் பெயரிட்டுள்ளன; தமிழகத்தார் இயங்குதளம் என்பர். நம் நாட்டிலே பெரும்பாலோர் அறிந்தது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். அதற்கு வாழ்நாள் உண்டு. அவ்வாழ்நாளை விதிப்பது ஆக்கியவரே. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பதிப்புக்கான ஆதரவு 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நின்றது. ஏழாம் பதிப்புக்கு 2020ஆம் ஆண்டு ஜனவரியிலும், பத்தாம் பதிப்புக்கு 2025ஆம் ஆண்டு ஒக்டோபரிலும் பொது ஆதரவு முடிவுற்றது. பதினோராம் பதிப்போ, குறித்த சில பாதுகாப்பு உறுப்புகள் இல்லாத கணினியை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே பழுதில்லாத இயந்திரமும் ஒரு தேதியிலே பழையதாகிவிடுகிறது.

இதற்கு மாற்றாக நிற்பது லினக்ஸ். இதன் கதை ஓர் அச்சுப்பொறியிலே தொடங்குகிறது என்றால் நேயர்கள் வியப்படையலாம். 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து ஆய்வுகூடமொன்றுக்குச் செறொக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அடிக்கடி கடதாசி சிக்கிக்கொள்ளும். முன்னிருந்த அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தி, கடதாசி சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார் ரிச்சர்ட் ஸ்ரோல்மன் என்பவர். புதியதற்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். மூல நிரல் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டபோது, வெளியிடுவதில்லை என்று தாம் உறுதி எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்ரோல்மனின் மனத்திலே தைத்தது. 1983ஆம் ஆண்டிலே, எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற நிபந்தனையோடு ஒரு முழுப் பணிசெயல் முறைமையை ஆக்கும் குனூ திட்டத்தை அவர் அறிவித்தார். 1991ஆம் ஆண்டிலே பின்லாந்து மாணவர் லைனஸ் தோர்வால்ட்ஸ் தம் சொந்தக் கணினிக்கென எழுதிய கரு நிரல் இதனோடு சேர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறைக்காரரின் உரிமையை மென்பொருளுக்கும் கேட்டதே இவ்வியக்கம் எனலாம்.

உரிமை இருந்தால் மட்டும் போதுமா? அங்கேதான் சிக்கல் எழுகிறது.

ஹட்டனுக்கு அப்பால், பேருந்துப் பாதை முடிந்த பின்னரும் சிறிது தூரம் நடக்க வேண்டிய தோட்டப் பாடசாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அது எந்தப் பாடசாலை என்று தேட வேண்டியதில்லை. மலையகத்தை அறிந்தோர் அத்தகைய பலவற்றை அறிவர். அங்கே பத்துக் கணினிகள் உள்ளன. சில கொழும்பு அலுவலகமொன்று கழித்தவை. சில வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் அனுப்பியவை. கொடுத்தவர் மனம் நல்லதே. ஆயினும் தமக்கு உதவாததைத்தான் கொடுத்தார் என்பதும் உண்மையே. புதியது வாங்கலாம் என்றால், 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே ரூபாய் வீழ்ந்தபோது கணினி விலை எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. க. பொ. த. சாதாரண தரத்திலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். அதனைத் தெரிந்தெடுத்த பிள்ளைகள் விசைப்பலகையின் படத்தைப் புத்தகத்திலே பார்த்துப் படிக்கின்றனர். நீச்சலைக் கரும்பலகையிலே கற்பிப்பது போன்றது அது. ஆதலின் அப்பாடத்து ஆசிரியர் அந்தப் பத்திலும் லினக்சை நிறுவிப் பார்ப்பதென்று துணிகிறார்.

முதலில் எதிர்ப்படுவது மென்பொருளே அன்று, மலையின் ஈரம். மாதக்கணக்காய் மூடுபனியில் கிடந்த பெட்டியிலே நினைவகத் தகட்டின் செம்பொன் நிறப் பற்கள் மங்கிப்போயிருக்கும். இயக்கினால் திரை தோன்றாது. பீப் பீப் என்னும் ஒலி மட்டும் வரும். தகட்டைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் அப்பற்களை மெல்லத் தேய்த்துப் பூட்டினால் பெரும்பாலும் உயிர் வரும். இவ்வளவு எளிய வைத்தியம் அறியாமல் எத்தனை பெட்டிகள் இரும்புக் கடைக்குப் போயினவோ!

அடுத்தது கடிகாரம். தாய்ப்பலகையிலே நாணயம் போன்ற சிறு பற்றரி ஒன்று உண்டு. அது வற்றிவிட்டால் கணினி ஒவ்வொரு முறையும் பல ஆண்டு பின்னோக்கிப் பிறக்கும். தேதி தவறினால் என்ன என்று கேட்கலாம். லினக்ஸ் தன் மென்பொருட் களஞ்சியத்திலிருந்து பொதிகளைப் பெறும்போது அவற்றின் கையொப்பத்தையும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். 2025ஆம் ஆண்டில் கையொப்பமிட்டதை, தன்னை 2002இல் இருப்பதாக எண்ணும் கணினி, இன்னும் செல்லுபடியாகாத பத்திரம் என்று தள்ளிவிடும். காரணம் தெரியாதவர் லினக்சின் குற்றம் என்று கைவிடுவார். சில நூறு ரூபாய்ப் பற்றரியே அங்கு வேண்டியது.

நிறுவும் மென்பொருளை இக்காலத்திலே பென் டிரைவில் கொண்டுவருவர். பழைய கணினி சில அதிலிருந்து தொடங்க அறியா; குறுந்தட்டு இயக்கியோ தூசு நிறைந்து செத்திருக்கும். இங்கே லினக்சின் நற்குணம் ஒன்று கைகொடுக்கிறது. வன்தட்டைக் கழற்றி, வேறொரு நல்ல கணினியிலே பொருத்தி, அங்கே நிறுவி, மீண்டும் பழைய பெட்டிக்கே கொண்டுவந்து பூட்டலாம். ஆயிரக்கணக்கான உறுப்புகளுக்கான இயக்கிகள் கருவோடு கூடவே வருவதால், புதிய வீட்டிலே கண்விழித்ததும் அது சுற்றும் பார்த்துத் தன்னைப் பொருத்திக்கொள்ளும். விண்டோசின் பழைய பதிப்புகளை இவ்வாறு இடம் மாற்றினால் பெரும்பாலும் நீலத்திரையே தோன்றும்.

பத்துக் கணினிகளுள் ஒரு மடிக்கணினி விசித்திரமானது. நிறுவத் தொடங்கியதும், இம்முறைவழியாக்கியிலே பிஏஈ என்னும் ஆற்றல் இல்லை, ஆகவே தொடர முடியாது என்று நின்றுவிடுகிறது. 32 துகள் முறைவழியாக்கி ஒன்று 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தை ஆள்வதற்கு ஏற்பட்ட வசதியே பிஏஈ. இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் எம் வரிசையின் முற்பட்ட சிலவற்றிலே அவ்வாற்றல் உள்ளபடி உண்டு. ஆயினும் தன்னிடம் இன்னின்ன ஆற்றல்கள் உள என்று அறிவிக்கும் பட்டியலிலே அது அதனைக் குறிப்பிடுவதில்லை. 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே உபுண்டு என்னும் லினக்ஸ் வெளியீடு பிஏஈ இல்லாதவற்றைக் கைவிட்டபோது, இம்மடிக்கணினிகளும் சேர்ந்து தள்ளப்பட்டன. உண்மையை ஆர்வலர் சிலர் கண்டறிந்து சொல்லவே, 2014ஆம் ஆண்டின் பதிப்பிலே, பட்டியலைப் பாராதே, ஆற்றல் இருப்பதாகவே கொள் என்று கட்டளையிடும் ஒற்றைச் சொல் சேர்க்கப்பட்டது. தொடக்க வரியிலே அச்சொல்லைத் தட்டியதும் மடிக்கணினி எழுந்துகொண்டது. வகுப்பறையிலும் இவ்வாறான பிள்ளைகள் உண்டு. வருகைப் பதிவேட்டைப் பார்த்து மட்டும் அவர்களின் ஆற்றலை அறிய முடியாது.

கம்பியில்லா இணையத் தொடர்பு இதனினும் கடினம். இதனை விளங்கிக்கொள்ள இரண்டு சொற்களை அறிதல் வேண்டும். ஓர் உறுப்போடு எவ்வாறு பேசுவது என்று முறைமைக்குக் கற்பிக்கும் நிரல் சாதன இயக்கி எனப்படும். அவ்வுறுப்பின் வயிற்றினுள்ளேயே ஓடும் சிறு நிரல் நிலைபொருள் எனப்படும். பிரோட்கொம் என்னும் நிறுவனத்தின் கம்பியில்லாச் சில்லுகள் பல மடிக்கணினிகளில் இடம்பெற்றன. அவற்றோடு பேசும் முறையை அந்நிறுவனம் நெடுங்காலம் லினக்ஸ் எழுதுவோருக்கு வெளியிடவில்லை. ஆகவே தன்னார்வலர்கள் ஓர் அரிய வழியைக் கையாண்டனர். அவர்களுள் ஒரு குழுவினர் உள்ள நிரலை ஆராய்ந்து, சில்லு எவ்வாறு நடந்துகொள்கிறது என்று ஏட்டிலே எழுதினர். அந்நிரலைக் கண்ணாலும் பாராத மற்றொரு குழுவினர், அவ்வேட்டை மட்டும் படித்துப் புதிய இயக்கி எழுதினர். களவு என்ற சொல் எழாதிருக்கவே இந்த ஆசாரம். 2006ஆம் ஆண்டிலே அது லினக்சின் கருவிலே சேர்ந்தது. 2010ஆம் ஆண்டிலே அந்நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கி வெளியிட்டது.

இயக்கி கிடைத்தும் நிலைபொருள் வேறாக வேண்டியிருந்தது. அதனைப் பிறர் பகிர்வதற்கு உரிமை இல்லாமையால், இணையத்திலிருந்து ஒவ்வொருவரும் தாமே பெற வேண்டும். இணையத்தைப் பெறுவதற்கு வேண்டிய பொருள் இணையத்திலே இருக்கிறது! பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். நகரத்திலே கம்பித் தொடர்பை நாடலாம். தோட்டத்திலே ஆசிரியர் தம் கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்துக்கொண்டு, அலை கிடைக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். பெருந்தொற்றுக் காலத்திலே, இணையவழிப் பாடத்துக்காகப் பிள்ளைகள் மேடு தேடி ஏறியதை மலையகம் மறந்துவிடவில்லை. மின்கலம் பழுதான மடிக்கணினியோ சுவரின் மின்செருகியை விட்டு அகலாது. ஆகவே முன்யோசனை உடையவர் ஹட்டன் நகருக்குப் போகும் நாளிலே வேண்டிய பொதிகளையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு திரும்புவார். இவ்விடரை உணர்ந்தே டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டார் 2022ஆம் ஆண்டிலே வாக்கெடுப்பு நடத்தி, பகிரத் தக்க நிலைபொருள்களைத் திறந்தவை அல்லவெனினும் நிறுவும் தட்டிலேயே சேர்ப்பதென முடிவுசெய்தனர். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பிலே அது நடைமுறைக்கு வந்தது. கொள்கையிலே மிகவும் உறுதியான கூட்டத்தார் அவர். அவர் இறங்கி வந்தது சரியென்றே கொள்ள வேண்டும். தூய்மை காப்பாற்றப்பட்டது, கணினி மட்டும் இயங்கவில்லை என்றால் பிள்ளைக்கு அதனால் ஆவதென்ன?

திரைப்பட உறுப்பிலும் இத்தகைய தொல்லை உண்டு. இன்ரெல் நிறுவனத்தின் திரைச் சில்லுகள் பெரும்பாலும் லினக்சில் தொல்லையின்றி இயங்கும். அதனை நம்பி, 2008ஆம் ஆண்டையடுத்து வந்த சிறு மடிக்கணினிகளுள் ஜீஎம்ஏ 500 என்னும் சில்லு கொண்டதை ஏற்றோர் ஏமாந்தனர். பெயர் இன்ரெலுடையது, உள்ளிருந்த பவர்விஆர் என்னும் வடிவமைப்போ வேறொரு நிறுவனத்தது. அவ்வடிவமைப்பின் இரகசியத்தை வெளியிட இன்ரெலுக்கே உரிமையில்லை. 2011ஆம் ஆண்டிலே அடிப்படை இயக்கி ஒன்று லினக்சின் கருவை அடைந்தது. எழுத்தும் படமும் தெரியும். அசையும் படமோ நொண்டி நடக்கும்.

நிறுவனங்களை வைது பயனில்லை. பிறரிடம் விலைக்கு வாங்கிய வடிவமைப்பை வெளியிட முடியாமை, காப்புரிமை வழக்குக்கு அஞ்சுதல், வானலை விதிகளை எவரேனும் மீறிவிட்டால் பழி தம்மேல் வரும் என்ற கலக்கம், இவையெல்லாம் உண்மையான காரணங்களே. சில வேளைகளில் காரணம் இன்னும் எளியது; விற்றுத் தீர்ந்த பொருளுக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க எவர் விரும்புவார்? ஆயினும் ஒரு தாளில் அடங்கக்கூடிய விவரத்தை வெளியிட்டிருந்தால், உலகத்து ஆர்வலர் கூலியின்றியே அவ்வேலையைச் செய்திருப்பர் என்பதையும் மறுக்க முடியாது.

இவ்வகையிலே அயலாரின் அனுபவம் நோக்கத்தக்கது. கேரளத்திலே 2001ஆம் ஆண்டு தொடங்கிய பாடசாலைத் தகவல் தொழினுட்பத் திட்டம், சில ஆண்டுகளிலே குனூ லினக்சைத் தழுவிக்கொண்டது. அரச பாடசாலைகளின் கணினிக் கல்வி அதிலேயே நடைபெறுகிறது. இடுக்கி மாவட்டத்து மூணாறு மலைகளிலும் தேயிலையே விளைகிறது. அங்கும் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் தமிழரே. ஆக, கடலுக்கு அப்பால் ஒரு தேயிலை மலையிலே, தோட்டத் தொழிலாளரின் பிள்ளை லினக்சில் பாடம் படிப்பது புதுமையன்று. தமிழகத்திலே, 2007 அளவில், அரசின் மின்னணுக் கழகமாகிய எல்கொட், உமாசங்கர் நிர்வாக இயக்குநராயிருந்த காலத்திலே, தன் அலுவலகக் கணினிகளைச் சூசி என்னும் லினக்சுக்கு மாற்றியது. அரசு ஒரு பொருளை ஆயிரக்கணக்கில் வாங்கும்போது, லினக்சில் இயங்குவதையே கொள்வோம் என்று கேள்விப்பத்திரத்திலேயே எழுதிவிடலாம். விற்பவர் தேடிக் கொண்டுவருவார். தானம் பெறும் தோட்டப் பாடசாலை எந்த நிபந்தனையை விதிக்கும்? நல்ல ஆதரவுள்ள உறுப்பு செல்வர் கைக்கும், ஆதரவற்ற உறுப்பு ஏழை கைக்கும் போய்ச் சேர்வது இவ்வாறுதான்.

இலங்கையரும் இத்துறைக்குப் புதியவரல்லர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை அடுத்து, நிவாரணப் பணியை ஒழுங்குசெய்வதற்கென இங்கே எழுதப்பட்ட சகானா என்னும் திறந்த மென்பொருள், பின்னர் பிறநாட்டுப் பேரிடர்களிலும் பயன்பட்டது. கண்டிக்கு அருகிலுள்ள மலைத்தொடரின் பெயரைத் தாங்கிய ஹந்தானை லினக்ஸ், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிக்கும் இடம்தந்து இந்நாட்டவரால் தொகுக்கப்பட்டது.

மொழியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். டெபியனை நிறுவத் தொடங்கியதும் மொழிப் பட்டியல் ஒன்று தோன்றும். அதிலே தமிழ் என்று தமிழ் எழுத்திலேயே இருக்கும். உலகத்தின் பல பகுதிகளிலுமுள்ள தமிழர் கூலி பெறாது செய்த மொழிபெயர்ப்பு அது. சில சொற்கள் இலங்கை மாணவருக்குப் புதியனவாய் இருக்கும். பாடநூல் ஒன்று சொல்ல, திரை வேறொன்று சொல்லும். விசைப்பலகையிலும் இவ்வேறுபாடு உண்டு. தமிழகம் 1999ஆம் ஆண்டு முதல் தமிழ் 99 முறையைத் தரமாகக் கொண்டது. இலங்கையிலே தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து வழங்கிய ரெங்கநாதன் அமைப்பே தரமாயிற்று. எதனைப் பயில்வது என்பதை ஆசிரியர் முதல் நாளே முடிவுசெய்து அமைத்துவிடல் நன்று. பாதி வகுப்பு ஒன்றிலும் பாதி வகுப்பு மற்றொன்றிலும் பழகிவிட்டால் பின்னர் திருத்துவது, கோணலாய் நட்ட கன்றை நிமிர்த்துவது போலாகும்.

பெற்றார் சிலர் கேட்கும் கேள்வியும் புறக்கணிக்கத் தக்கதன்று. வேலைக்குப் போகும் இடத்திலே விண்டோஸ்தானே இருக்கும், பிள்ளை இதனைப் படித்து என்ன பயன் என்பர். அச்சம் நியாயமானதே. ஆனால் கடிதம் அமைத்தல், அட்டவணையிலே கூட்டுத்தொகை காணல், கோப்பைப் பெயரிட்டு அடுக்கிவைத்தல் ஆகியன இரண்டிலும் ஒன்றே. லிபிரே ஒபிஸ் என்னும் திறந்த அலுவலக மென்பொருளிலே பழகிய கை, மற்றதிலே சில நாளில் பழகிவிடும். எதிலும் பழகாத கைக்குத்தான் இரண்டும் அந்நியம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளல் வேண்டும். 512 மெகாபைற் நினைவகமுள்ள கணினியிலே லினக்சை நிறுவினால் அது இளமை பெற்றுவிடும் என்று சொல்வோர் மிகைபடக் கூறுவோரே. எழுதலாம், கணக்கிடலாம், சிறு நிரல் எழுதிப் பழகலாம். இக்கால இணையதளங்களைத் திறந்தாலோ மூச்சுத் திணறும். அதற்கு மாற்று உண்டு. பத்துள் வலிய கணினி ஒன்றிலே தமிழ் விக்கிப்பீடியாவை முழுமையாக இறக்கி வைத்துவிட்டால், ஏனையவை கம்பியால் அதனோடு இணைந்து 1,50,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை இணையமின்றியே படிக்கும். கிவிக்ஸ் என்னும் மென்பொருள் இதற்கென்றே ஆக்கப்பட்டது. மழையால் தொலைபேசிக் கோபுரம் செயலற்ற நாளிலும் அந்த நூலகம் திறந்தே இருக்கும். மின்சாரம் மட்டும் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமுழக்கம் கேட்டதும் செருகிகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளே அறிவர்.

திறந்த உலகமும் எல்லாப் பழமையையும் என்றென்றைக்கும் சுமப்பதில்லை. தோர்வால்ட்ஸ் எந்த 386 முறைவழியாக்கிக்கென லினக்சை எழுதத் தொடங்கினாரோ, அதற்கான ஆதரவே 2012ஆம் ஆண்டின் முடிவிலே நீக்கப்பட்டது. உபுண்டு 2017ஆம் ஆண்டிலே 32 துகள் மேசைக்கணினிக்கான தட்டு வெளியிடுவதை நிறுத்திற்று. பெடோரா 2019ஆம் ஆண்டிலே 32 துகள் கருவைக் கைவிட்டது. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ற்றில் வந்த டெபியன் பதின்மூன்றாம் பதிப்பிலே அத்தகைய கணினிகளுக்கான நிறுவி இல்லை. பன்னிரண்டாம் பதிப்புக்கு நீண்டகால ஆதரவு 2028ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: மூலம் எவர் கையிலும் இருப்பதால், வேண்டுவோர் கூடித் தொடரலாம், தொடர்வோரும் உளர்.

மறுபுறம், விண்டோஸ் பத்தின் முடிவினால், உலகெங்கும் அலுவலகங்கள் இப்போது கழிக்கும் கணினிகள் அந்தப் பழைய பென்ரியங்கள் அல்ல. 64 துகளும், 4 அல்லது 8 கிகாபைற் நினைவகமும் உடைய நல்ல கணினிகள். அவற்றுட் சிலவேனும் மலையேறி வரும். வருமுன்னரே கேட்டறிய வேண்டியன சில உண்டு. முறைவழியாக்கி எது, கம்பியில்லாச் சில்லு எவருடையது, திரைச் சில்லு எது, நினைவகம் எவ்வளவு என்று தானம் தருபவரிடம் கேட்பது நன்றியற்ற செயலன்று. ஒவ்வொரு சில்லும் தன் ஆக்கியோனையும் வகையையும் குறிக்கும் எண்ணைத் தாங்கியுள்ளது. ஒரே கட்டளையில் லினக்ஸ் அவ்வெண்களைப் பட்டியலாகத் தரும். இன்ரெலின் எண் 8086. 1978ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற முறைவழியாக்கியின் பெயரே அது. அவ்வெண்ணைக் கொண்டு தேடினால், உலகில் வேறெங்கோ அதே சில்லோடு போராடியவர் கண்ட வழி கிடைக்கும்.

கற்பனைப் பாடசாலைக்குத் திரும்பலாம். ஒரு தவணை முடிவிலே பத்துக் கணினிகளுள் ஏழு இயங்குகின்றன. பென்ரியம் எம் மடிக்கணினியும் அவற்றுள் ஒன்று. எட்டாவதிலே திரை தெரிகிறது; கம்பியில்லாத் தொடர்பு இல்லை; கம்பியே போதும் என்று விட்டாயிற்று. இரண்டு எழவேயில்லை. அவற்றின் நினைவகத்தைக் கழற்றி மற்றவற்றுக்குப் பூட்டியபின், எஞ்சிய பெட்டிகளைத் திறந்து, முறைவழியாக்கி இது, நினைவகச் செருகி இது என்று எட்டாம் வகுப்புக்குக் காட்டுகிறார் ஆசிரியர்.

ஓர் அப்பியாசக் கொப்பி மேசையில் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு கணினி. அதன் சில்லு எண்கள், செய்து பார்த்தவை, பலித்தது, பலியாதது, தேதி. ஆசிரியர் மாற்றம் பெற்றுப் போனாலும் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்காதிருக்க அது உதவும். கடைசிப் பக்கத்திலே லேசர் அச்சுப்பொறி ஒன்றின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. தன் பக்கத்தைத் தானே அமைக்காமல், கணினியே அமைத்துத் தர வேண்டுமென்று காத்திருக்கும் மலிவு வகை அது. பேசும் மொழியை ஆக்கியோர் வெளியிடவில்லை. ஸ்ரோல்மனுக்கு மறுப்புக் கிடைத்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. பெயரின் எதிரே பென்சிலால் எழுதியிருப்பது: மூன்று இயக்கி பார்த்தாயிற்று, இன்னும் இல்லை.